குஞ்சத்துக்கு இரண்டு பில்

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தப் பட்டுப் புடவையை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதன் விலையைப் பெண் வீட்டார் பார்க்கக் கூடாது, கேட்கவும் கூடாது. ரவிக்கை தைப்பது, கீழோரத்தில் ஃபால் அடிப்பது, முந்தானையில் குஞ்சம் கட்டுவது என்று புடவையோடு ஒட்டிக்கொண்டு வருகிற மற்ற செலவெல்லாம் பெண் வீட்டாருடையது. அதை மாப்பிள்ளை வீட்டார் கேட்கக் கூடாது. ஒரே கடையில் ஒரே சோபாவில் அருகருகே உட்கார்ந்துகொண்டு, ஒருவர் பில்லை மற்றவர் பார்த்துவிடாமல் இரண்டு பேரும் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இதற்கு மரியாதை என்று பெயர். இந்த மரியாதையில் எவ்வளவு காசு இருக்கிறது என்பதைத் துணிக்கடைக்காரன் கண்டுபிடித்துவிட்டான். நாம்தான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

என் இளைய மகளின் கல்யாணம் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. கோபம் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தத் தானியக் கடையில் முப்பத்தெட்டு வருடம் கணக்கெழுதியவன். எண்ணாமல் எனக்கு இருக்க வராது. பஸ்ஸில் ஏறினால் ஜன்னலை எண்ணுவேன். பந்தியில் உட்கார்ந்தால் இலையில் விழும் கறிகளை எண்ணுவேன். இது ஒரு நோய் என்று என் மனைவி சொல்வாள். இருக்கட்டும். ஆனால் இந்த நோயால் ஒருமுறை இதே மகளுக்கு ஒரு வரன் தவறிப்போனது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னால் நடந்தது. நிச்சயம் முடிந்து புடவை எடுக்கப் போயிருந்தோம். மாப்பிள்ளையின் சித்தப்பா பில்லைக் கையில் வைத்திருந்தார். கூட்டலில் ஏதோ இடிக்கிற மாதிரி எனக்குத் தூரத்திலிருந்தே பட்டது. "ஒரு நிமிஷம் தாருங்க" என்று வாங்கி, அங்கேயே கல்லாவில் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. அவர் முகம்தான் சரியாக இல்லை. இரண்டாம் நாள் போன் வந்தது. "நமக்கு ஒத்துவராது" என்றார்கள். அப்போது மகளுக்கு இருபத்தெட்டு வயது. அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே இந்த முறை, பழவங்காடிப் பக்கம் இருக்கிற அந்த ஐந்து மாடிக் கடைக்கு ஆட்டோவில் போகும்போதே பேச்சு தொடங்கிவிட்டது.

"அப்பா, கடைக்குள்ள வாய் திறக்கப்பிடாது. சத்தியம் பண்ணுங்க" என்றாள் மகள்.

"நம்ம பில்லப் பத்திக்கூடக் கேக்கக் கூடாதா?"

"எந்தப் பில்லப் பத்தியும். மூச்சு விடலாம். அவ்வளவுதான்."

"அதையும் மெதுவா விடச் சொல்லு" என்றாள் மனைவி. "இவங்க பெருமூச்சு விட்டாலே விலை கேட்ட மாதிரி இருக்கும்."

சத்தியம் பண்ணினேன். கல்யாணம் முடிகிறவரை காசு பற்றி வெளியாள் முன்னால் பேச மாட்டேன் என்று. மகளுக்கு இப்போது முப்பத்தொன்று. இதுவும் தவறினால் இனி வரனே பார்க்க வேண்டாம் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

மாப்பிள்ளை பெங்களூரில் வேலை. அவனுடைய அம்மா மட்டும்தான் வந்திருந்தார். புருஷன் இறந்துபோய்ப் பல வருடங்கள். கரமனையில் வீட்டு முன்னறையில் ஒரு தையல் மிஷினைப் போட்டு, பள்ளிக்கூட யூனிஃபார்மும் நைட்டியும் தைத்தே மகனைப் படிக்க வைத்தவர். ஒல்லியான உடம்பு. பேச்சும் ஒல்லி. என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். அதற்கு மேல் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் அவர் பேசி அன்றுவரை நான் கேட்டதில்லை.

மூன்றாவது மாடி கல்யாணப் பட்டுக்கு. மாடிக்கு இருபத்திரண்டு படி. ஏறி உட்கார்ந்ததும் ஆளுக்கொரு டம்ளர் நாரங்காவெள்ளம், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, கொண்டுவந்து கொடுத்தார்கள். "ஃப்ரீயாணு சாறே" என்றாள் விற்பனைக்கு நின்ற மலையாளப் பெண். நாற்பது வயது இருக்கும், நல்ல சிரிப்பு. இனாம் என்று வாயால் சொல்லிக் கொடுக்கிறவனிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. குடித்தேன்.

நாற்பத்தொரு புடவை விரித்தார்கள். நாற்பத்திரண்டாவது மகளுக்குப் பிடித்தது. அரக்கு நிறம், பச்சைக் கரை. அந்தப் பெண் விலைச்சீட்டை நூலோடு பிடுங்கி, மடித்து, சம்பந்தியம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள். பிரசாதம் கொடுக்கிற மாதிரி. நான் மரியாதையாக அண்ணாந்து பார்த்தேன். கூரையில் அறுபத்துநான்கு விளக்கு. மூன்று எரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சாமர்த்தியம். "மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பக்கம், பெண் வீட்டார் இந்தப் பக்கம்" என்று எங்களை இரண்டாகப் பிரித்தாள். சம்பந்தியம்மாளை அந்தக் கோடியில் இருக்கிற கல்லாவுக்கு இன்னொருத்தி கூட்டிக்கொண்டு போனாள். எங்களை அவளே இந்தக் கோடியில் இருக்கிற தையல் பிரிவுக்கு. இடையில் கண்ணாடித் தடுப்பு. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியும், பேச்சு கேட்காது. கட்டடம் கட்டும்போதே யோசித்துக் கட்டியிருக்கிறான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. அன்று நான் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தேன்.

தையல்காரர் மகளுக்கு அளவெடுத்தார். புடவையின் கடைசியில் இருந்த ரவிக்கைத் துணியை, எண்பது சென்டிமீட்டர், எங்கள் கண்முன்னால் கத்தரித்தார். பிறகு பட்டியல் தொடங்கியது. ஃபாலும் பீக்கோவும், நானூற்றைம்பது. முந்தானைக் குஞ்சம், ஆயிரத்து எண்ணூறு. லைனிங் துணி எண்ணூற்றைம்பது. அதே லைனிங் எங்கள் சாலைக் கடைத்தெருவில் நூற்றைம்பதுக்கு மேல் போகாது. தையல் கூலி இரண்டாயிரத்து நானூறு. புடவையைக் கொசுவம் எடுத்து மடித்து இஸ்திரி போட்டுப் பெட்டியில் வைத்துத் தருவதற்கு பாக்ஸ் ஃபோல்டிங் என்று பெயராம், அதற்கு ஆயிரத்து ஐந்நூறு.

ரவிக்கையில் போடுகிற ஆரிப் பூவேலைக்கு வந்தோம். சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'ஆரி கைவேலை ரூ. 3500 முதல்'. இந்த 'முதல்' என்ற வார்த்தையைக் கடைகளில் எழுதுகிறவன் எவனோ, அவனை நான் ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் வேலை என்று ஆல்பத்தில் காட்டினாள். கழுத்தோரமாக ஓர் எறும்பு வரிசை. அது இருப்பதே வாங்காமல் இருப்பதற்காகத்தான்.

"இது கல்யாணப் பெண்ணுக்குப் போரா", போதாது, என்று சொல்லிக்கொண்டே பக்கம் புரட்டினாள். பத்தாயிரம், பதினான்காயிரம் என்று போய், நாங்கள் பயந்த பிறகு எட்டாயிரத்து ஐந்நூறுக்குத் திரும்பி வந்தாள். மகளுக்கு அதில் ஒரு மாங்காய்க் கொடி பிடித்திருந்தது. மகள் ஆசைப்பட்டதை நான் குறை சொல்லவில்லை. ஆசைப்படுகிறவளை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் புரட்ட வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்களே, அதைச் சொல்கிறேன்.

கடைசியாக அவசரக் கட்டணம், ஆயிரத்து ஐந்நூறு. கல்யாணத்துக்கு அன்று நாற்பது நாள் இருந்தது. முப்பது நாளில் தருவது சாதாரணம், இருபத்தொரு நாளில் தருவது அவசரம். "ஆல்ட்டரேஷனுக்கு டயம் வேண்டாமோ?" என்றாள். அதாவது, இவர்கள் தப்பாகத் தைத்தால் திருத்துவதற்கு வேண்டிய நாளையும் நாம் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

நான் வாய் திறக்கவில்லை. என் முழங்கால்மேல் மனைவியின் கை, கல்லாவில் தாள் பறக்காமல் வைக்கிற எடைக்கல்லைப் போல அழுத்திக்கொண்டிருந்தது. அவள்தான் விற்பனைப் பெண்ணிடம் மெல்ல இழுத்தாள். "இதெல்லாம் வெளியில தச்சா என்ன, மோளே?"

அந்தப் பெண் குனிந்து மனைவியின் காதில் ஏதோ சொன்னாள். மனைவி உடனே தலையாட்டிவிட்டாள். என்ன சொன்னாள் என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். "அந்தப் பக்கத்துக்காரங்க இவ்வளவு விலையில பட்டு எடுக்காங்க, நீங்க ரவிக்கைக்குக் கணக்குப் பாத்தா அவங்க என்ன நினைப்பாங்கன்னு கேட்டா. நான் என்னத்தச் சொல்லட்டும்?"

கூட்டினால் பதினேழாயிரம். வரி எண்ணூற்றைம்பது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சம்பந்தியம்மாள் பர்ஸை மூடிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நான் பர்ஸைத் திறந்தேன்.

இருபத்தொன்றாம் நாள் ரவிக்கையும் புடவையும் வாங்கிவர நான் தனியாகப் போனேன். தையல் பிரிவில் பெட்டி போட்ட உறையை எடுத்து வைத்தார்கள். உறையின்மேல் ஒரு அட்டை குத்தியிருந்தது. அட்டையில் இரண்டு பில் நம்பர். ஒன்று என்னுடையது, முந்நூற்றுப் பதினாறில் முடியும். இன்னொன்று முந்நூற்று ஒன்பதில் முடிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு நம்பர் என்றால் என் கண் அங்கேயே நின்றுவிடும். முப்பத்தெட்டு வருடப் பழக்கம்.

"இந்த முந்நூற்று ஒன்பது என்னது?" என்று தையல்காரரிடம் கேட்டேன். அவர் வெளியாள்தான். ஆனாலும் இது காசுப் பேச்சில்லை, நம்பர் பேச்சு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"அது சாரியுடெ, புடவையோட, பில்லு. பேக்கேஜ் அதிலாணு."

"என்ன பேக்கேஜ்?"

"ஃபால், குஞ்சம், லைனிங், தையல், பாக்ஸ் ஃபோல்டிங். ஏழாயிரத்தி ஐந்நூறு" என்றார் அவர், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. பாவம், அவருக்கு அதில் சொல்லக் கூடாதது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

"அப்போ நான் குடுத்தது?"

"அது வேற பில்லு அல்லே சாறே?"

அங்கேயே நின்று என் பில்லை எடுத்துப் பார்த்தேன். நானூற்றைம்பது, ஆயிரத்து எண்ணூறு, எண்ணூற்றைம்பது, இரண்டாயிரத்து நானூறு, ஆயிரத்து ஐந்நூறு. சரியாக ஏழாயிரம். ஒரே புடவை, ஒரே முந்தானை, ஒரே குஞ்சம். அந்தக் குஞ்சத்துக்கு அந்தக் கோடியில் ஒருவரும் இந்தக் கோடியில் ஒருவருமாகக் காசு கொடுத்திருக்கிறோம்.

மானேஜர் நெற்றியில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் நம்பரை மட்டும் காட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

"ரெண்டு பில்லும் கொண்டு வாருங்க, நோக்காம், பாக்கலாம்" என்றார். பிறகு, ஏதோ நல்லது சொல்கிற மாதிரி, "சாறே, இருபது வருஷமா இங்கே இருக்கேன். ரெண்டு பில்லும் சேர்த்துக் கொண்டு வந்த ஒரு பார்ட்டியை நான் இதுவரை கண்டிட்டில்ல."

அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மறக்கவில்லை. திருடினான் என்பதுகூட இரண்டாம் பட்சம். நாம் கேட்க மாட்டோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எந்தப் பெண்ணின் அப்பாவும் சம்பந்தி வீட்டுப் படியேறி, 'உங்க பில்லக் காட்டுங்க' என்று கேட்க முடியாது என்பதை முதலாகப் போட்டு வியாபாரம் செய்கிறான். என்னைப் போல ஒருவன் ஏற்கெனவே கேட்டு ஒரு கல்யாணத்தை இழந்திருக்கிறான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகச் சிரித்திருப்பான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"போகட்டு" என்றாள்.

"ஏழாயிரம்! வரியோட ஏழாயிரத்து முந்நூற்றைம்பது!"

"போன தடவை போனது ஏழாயிரமா? கல்யாணத்துக்குப் பத்தொம்பது நாள் இருக்கு. உங்க சத்தியம் ஞாபகம் இருக்கா இல்லையா?"

இருந்தது. அதனால் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தேன் என்றால் கடைபற்றிப் பேசவில்லை. மற்றதெல்லாம் பேசினேன். பால் பாக்கெட் ஒழுகுகிறது என்று கத்தினேன். பேப்பர் போடுகிறவர் கேட்டில் செருகவில்லை என்று கத்தினேன். அழைப்பிதழ் உறைகளை எண்ணி, முந்நூறு சொன்னதில் இரண்டு குறைகிறது என்று அச்சகத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். மூன்றாம் நாள் மகள் வேலையிலிருந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"யாருட்டப்பா சண்டை?"

"யாருட்டயும் இல்ல. அதான் கஷ்டம்."

அவள் ரவிக்கையைப் போட்டுப் பார்ப்பதற்காக உறையை எடுத்தாள். அட்டையைப் பார்த்தாள். அவள் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். "இதுல எதுக்கு ரெண்டு நம்பர்?" என்றாள். என் மகள்தான், சந்தேகம் வேண்டாம். "ஒரு டியூபுல ரெண்டு நம்பர் இருந்தா நாங்க ரிசல்ட்டே குடுக்க மாட்டோம். சொல்லுங்க, என்னதிது?"

அவள் வெளியாள் இல்லை. சொல்லிவிட்டேன். மனைவி அடுக்களையிலிருந்து தலையில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். மகள் ரவிக்கையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஆறு நிமிடம்.

"அத்தை நாளைக்குப் பத்தரைக்கு வாறாங்க. கடைக்கு. பில்லோட."

"என்னன்னு கேட்ட?"

"அத்தை, உங்க பில்லு வேணும்னு கேட்டேன். வேற எப்பிடிக் கேக்கதுக்கு?"

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'அப்பாவும் வாறாங்களா'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். வச்சிட்டாங்க."

மனைவி அன்று சாப்பாட்டில் உப்புப் போட மறந்துவிட்டாள். அப்படியே சாப்பிட்டேன். 'அப்பாவும் வாறாங்களா' என்பதற்கு என்ன அர்த்தம் என்று எத்தனை விதமாகப் பார்க்க முடியுமோ அத்தனை விதமாகப் பார்த்தேன். ஒரு விதமும் நன்றாக இல்லை.

மறுநாள் கடைக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோவில் முன்னால், தேங்காய் உடைபடுகிற சத்தத்துக்கு நடுவில் சம்பந்தியம்மாள் நின்றுகொண்டிருந்தார். கக்கத்தில் பை. நாங்கள் மூன்று பேரும் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் நேராக என்னிடம் வந்தார். நான் மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்கு இடம் கிடைக்கவில்லை.

"அண்ணாச்சி, உங்க பில்லுல குஞ்சம் எவ்வளவு?"

"ஆயிரத்து எண்ணூறு."

"எனக்குப் பேக்கேஜுன்னு போட்டு ஏழாயிரத்தி ஐந்நூறு வாங்கிட்டான்." அவர் கக்கத்துப் பையை இறுக்கிக்கொண்டார். "முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் தச்சுக் குடுத்தேன். என் மருமவளுக்கு ஒரு ரவிக்கை தைக்க எனக்குக் கையில்லாமப் போச்சா? நான் தைக்கேன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். என்னக் கூட்டிட்டுப் போன பொம்பள காதுல வந்து, பேக்கேஜு எடுக்காட்டா பொண்ணு வீட்டுக்காரங்க குறைச்சலா நினைப்பாங்கன்னா. கடையில உக்காந்து கணக்கெழுதின குடும்பம், நம்மள என்ன நினைப்பாங்களோன்னு நானும் குடுத்துட்டேன்."

"என் காதுலயும் இங்க நின்னவ அதத்தான் சொன்னா மைனி" என்றாள் என் மனைவி.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே வாக்கியத்தை இரண்டு காதில் சொல்லி ஏழாயிரம். அந்த வாக்கியம் அந்த மாடியில் ஒரு நாளைக்கு எத்தனை காதில் விழும்?

மேலே போனோம். முகூர்த்த மாதம், நல்ல கூட்டம். மூன்றாவது மாடி சோபாக்களில் ஐந்து குடும்பம் டம்ளரோடு உட்கார்ந்திருந்தது. சம்பந்தியம்மாள் மானேஜர் மேஜைமேல் இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுருக்கம் போகக் கையால் நீவினார். துணி வெட்டுவதற்கு முன்னால் நீவுகிற மாதிரி.

மானேஜர் இந்த முறை சிரிக்கவில்லை. சிஸ்டம் என்றார், ஸ்டாஃப் மிஸ்டேக் என்றார். "கிரெடிட் நோட் தராம்" என்றார். முப்பது நாளுக்குள் அதே கடையில் இருபதாயிரத்துக்குத் துணி எடுத்தால் அதில் ஏழாயிரம் கழித்துக்கொள்ளலாமாம். நம் காசைத் திரும்ப வாங்க இன்னும் பதின்மூன்றாயிரம் செலவு.

"நான் தந்தது காசு" என்றார் சம்பந்தியம்மாள். "அண்ணாச்சி தந்தது காசு. சீட்டு வேண்டாம்."

"அம்மே, கொஞ்சம் பதுக்கெ. மற்ற கஸ்டமர்ஸ் இருக்காங்க" என்று குரலைத் தாழ்த்தினார் மானேஜர். பிறகு என் பக்கம் திரும்பி, ஆம்பளைக்கு ஆம்பளை பேசுகிற குரலில், "சாறே, நீங்க படிச்ச ஆளு. நீங்க ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

நெஞ்சில் மூன்று வருடத்துக் கூட்டல் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் சோபாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு சிவப்புச் சுடிதார்ப் பெண்ணின் அப்பா, விலைச்சீட்டு கைமாறும்போது மரியாதையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, வாசியுங்க" என்றாள் மகள்.

"எதை?"

"ரெண்டு பில்லையும். சத்தமா. ஒரு வரி விடாம."

"சத்தியம்?"

"நான் வாங்கினதுதானே. திருப்பித் தந்தாச்சு. வாசியுங்க."

எங்கள் முதலாளிக்குக் கண் மங்கிய பிறகு, பேரேட்டைத் தினமும் நான்தான் உரக்க வாசிப்பேன். லாரி ஹாரனுக்கும் மூட்டை இறக்குகிறவர்கள் சத்தத்துக்கும் மேலே கேட்க வேண்டும். அந்தக் குரல் இன்னும் இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. இருந்தது.

"ஃபால் பீக்கோ, பெண் வீட்டார் கொடுத்தது நானூற்றைம்பது!" என்றேன்.

"மாப்பிள வீட்டுப் பேக்கேஜுலயும் உண்டு!" என்றார் சம்பந்தியம்மாள். இவ்வளவு சத்தம் அந்த ஒல்லி உடம்பில் எங்கே இருந்தது?

"முந்தானைக் குஞ்சம், ஆயிரத்து எண்ணூறு!"

"பேக்கேஜுலயும் உண்டு!"

"லைனிங், எண்ணூற்றைம்பது!"

"பேக்கேஜுலயும் உண்டு! சாலையில வாங்கினா நூத்தம்பது!"

தையல் கூலிக்கு வருவதற்குள் சிவப்புச் சுடிதாரின் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவர் தன் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி அவரைப் பார்த்தார். "உங்களுக்கும் பேக்கேஜுன்னு சொன்னாங்களா?" என்று ஒருவர் கேட்பது என் காதில் விழுந்தது. மானேஜர் எழுந்து கல்லாவுக்கு ஓடினார். நான் நிறுத்தவில்லை. அவசரக் கட்டணத்தையும் வாசித்தேன். 'முதல்' என்ற வார்த்தையைச் சுவரில் இருந்தே வாசித்தேன்.

ஏழாயிரம் ரூபாய் ரொக்கமாக வந்தது. எண்ணினேன். பதினான்கு ஐந்நூறு. அதற்கு நான் கட்டிய வரி முந்நூற்றைம்பதைத் திருப்ப முடியாது, மாதக் கணக்கு அனுப்பியாகிவிட்டது என்றார் மானேஜர். அதற்கு இதுவரை மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். மகள் விடச் சொல்கிறாள். விட மாட்டேன்.

இன்று எங்கள் பக்கத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் நான் கூப்பிடாமலே போய்ச் சொல்கிறேன். பட்டு எடுக்கப் போகுமுன் இரண்டு வீட்டாரும் ஒரு மேஜையில் உட்காருங்கள். எது எந்தப் பில்லில் வரும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடையில் உங்களைப் பிரித்து உட்கார வைத்தால் எழுந்து போய்ச் சேர்ந்து உட்காருங்கள். காதில் யார் என்ன சொன்னாலும் அதை உரக்கத் திருப்பிச் சொல்லுங்கள். பாதிப் பேர் என்னைக் கஞ்சன் என்கிறார்கள். சொல்லட்டும். அவர்கள் வீட்டுக் குஞ்சத்துக்கும் இரண்டு பில் போட்டிருப்பான்.

அன்று படியிறங்கி வாசலுக்கு வந்ததும் ஏழாயிரத்தில் பாதியைச் சம்பந்தியம்மாளிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பைக்குள்ளிருந்து தன் பில்லை எடுத்தார். மாடியில் மேஜைமேல் வைத்தபோது, பேக்கேஜ் எழுதியிருந்த இடம் மட்டும் தெரிகிற மாதிரி அதை மடித்துத்தான் வைத்திருந்தார். இப்போது முழுதாக விரித்தார், புடவை விலையோடு.

"பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. இனி நமக்குள்ள மறைக்கதுக்கு என்ன இருக்கு?"

என் மனைவி பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மகளைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழே வாசித்தேன். புடவை. பேக்கேஜ். அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், 'ரவிக்கைத் துணி ரூ. 1200'.

"இந்த ரவிக்கைத் துணி வேறயா வாங்கினீங்களா?"

"இல்லையே" என்றார் சம்பந்தியம்மாள். "அது புடவையிலேயே உண்டே."

"எங்க முன்னாலதான் வெட்டினாங்க" என்றேன். "எண்பது சென்டிமீட்டர்."

நாங்கள் இரண்டு பேரும் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றோம். நிமிர்ந்தபோது மகள் பக்கத்தில் இல்லை. அவள் ஏற்கெனவே ஆறாவது படியில் இருந்தாள்.

"வாங்கப்பா" என்றாள் திரும்பிப் பார்க்காமல். "அத்தையையும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. இதையும் வாசிக்கணும்."